தூக்கம் ஏன் தொலைகிறது? – 7
படுக்கையில் கிடக்கும் நேரம்

தூக்கம் போனது எதனால் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும். கடன், வீட்டில் ஒரு சாவு, போன வேலை. கடன் அடைந்து வருஷம் இரண்டாகியும் ஏன் கண் மூட மாட்டேன் என்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

நியூயார்க்கின் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். எளிதில் தூக்கம் கலையும் உடல்வாகு சிலருக்கு உண்டு. ஏதோ ஓர் அதிர்ச்சி அதைக் கிளப்பிவிடுகிறது. அதிர்ச்சி ஓய்ந்தபிறகும் தூக்கமின்மையை ஓயவிடாமல் வைத்திருப்பவை, தூக்கத்தை மீட்க நாமே தொடங்கிய பழக்கங்கள் என்றார். விட்டதைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுப்பது, மதியம் கண்ணயர்வது, நடு ராத்திரியில் மணி பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவது. கூடத்து நாற்காலியில் சொக்குகிறவருக்குப் படுக்கையில் தலை வைத்ததும் விழிப்புத் தட்டுகிறதே, அது இப்படி வந்ததுதான்.

வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்கு மேல், பகல் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். இதைக் காட்டும் ஸ்கேன் கிடையாது. தைராய்டு, இரும்புச்சத்து பார்க்க ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. மற்றபடி, மருத்துவருக்கு மிகவும் உதவுவது நீங்கள் எழுதிவைக்கும் இரண்டு வாரத் தூக்கக் குறிப்புதான்.

ஒருவர் இரவு 9.30க்குப் படுத்துக் காலை 6க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பைக் கூட்டிப் பார்த்தால் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். மூன்று மணி நேரம் புரண்டிருக்கிறார். தூங்கும் அளவுக்கே படுக்கை நேரத்தைச் சுருக்குவதுதான் ஸ்பீல்மனின் சிகிச்சை. அதன்படி இவர் இரவு 12.30க்குத்தான் படுக்க வேண்டும். எழுவது அதே 6 மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையும். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக மாறிய பிறகு, கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இது உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972இல் சொன்னது. முதல் வாரங்கள் கொடுமையாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

இந்த முறைகளும் தூக்கம் பற்றிய பயத்தைக் களையும் பேச்சும் சேர்ந்த சிகிச்சைக்கு சிபிடி-ஐ என்று பெயர். மாத்திரைக்கு முன் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. நம் ஊரில் இதைச் சொல்லித்தரும் இடங்கள் குறைவு. சீட்டுக்கூட இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிவிடலாம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். சில வாரங்களுக்கு என்று தொடங்கும் மாத்திரை வருஷக்கணக்கில் நீண்டால் உடல் அதற்குப் பழகிவிடும். முதியவர்கள் ராத்திரி எழும்போது தடுமாறி விழுகிறார்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு, அளவைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

(தொடரும்)