கரகரப்பு கம்ப்யூட்டரிலா, கிட்டாரிலா?

கணியம்பாடியில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எலக்ட்ரிக் கிட்டாரைப் பதிவு செய்கிறேன். ஒலி கரகரத்தால் உடனே சவுண்ட் கார்டை மாற்றிவிடாதீர்கள். முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழைச் சோதியுங்கள்.

1. குமிழை மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு பெரும்பாலும் குமிழில்தான். எப்போதும் கேட்டால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

2. குமிழின் அடியில் உள்ள மூன்று முனைகளிலிருந்தும் ஒயர்களைச் சால்டரிங் அயர்னால் பிரித்துவிட்டு, ஓர முனைகள் இரண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் 250, ஹம்பக்கர் என்றால் 500 கிலோ ஓம் அளவில் காட்டுவது வழக்கம்.

3. நடு முனையிலும் ஓர முனையிலும் வைத்துத் திருப்புங்கள். எண் குதிக்காமல் சீராக மாற வேண்டும். பாதி திருப்பியதும் பாதி அளவு காட்டாவிட்டால் பயப்படாதீர்கள். காது ஒலியை உணரும் விதத்துக்கேற்பவே அப்படி அமைத்திருப்பார்கள்.

எண் குதித்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை திருப்புங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அதே அளவில் புதிய குமிழ் போதும்.