கறை பட்ட லைசென்ஸ், மறுபடி ஒரு லாரி

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு புக்கிங் ஆபீஸில் டிரைவர் வேலை கேட்டுப் போனால், முன்பெல்லாம் முதல் கேள்வி "எந்த ஊரு, யார் வண்டியில இருந்தே?" என்பதாக இருக்கும். இப்போது ஓனர் செல்போனை எடுக்கிறார். "தம்பி, லைசென்ஸ் நம்பரும் பொறந்த தேதியும் சொல்லு." எம்பரிவாகன் செயலியில் இரண்டையும் தட்டுகிறார். லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டீ மட்டும் குடித்துவிட்டு வரலாம்.

ஆகவே வேலை தேடிக் கிளம்புவதற்கு முன், அவர் பார்க்கப்போவதை நீங்கள் பார்த்துவிட வேண்டும். பரிவாகன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போனால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்தெந்த வகை வண்டிக்குச் செல்லும் என்பதெல்லாம் தெரியும். செல்லுபடித் தேதி இரண்டு இருக்கும். சொந்தக் கார், பைக்குக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு வேறொன்று. நீளமான தேதியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய டிரான்ஸ்போர்ட் தேதி போனது தெரியாமல் லோடு ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது முடிந்து ஓராண்டைத் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். வண்டி தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் காலத்தில் இந்தத் தேதியை மறந்துபோவது சுலபம்.

இ-சலான் தளத்திலும் லைசென்ஸ் நம்பரைப் போட்டுத் தேடுங்கள். கேமரா பிடித்த அபராதம் வண்டி நம்பரில் ஏறும். ரோட்டில் நிறுத்தி, லைசென்ஸைக் கையில் வாங்கி எழுதிய கேஸ் உங்கள் பெயரில் நிற்கும். "நான் கட்டிக்கிறேன், நீ போ" என்று பழைய ஓனர் சொன்னதெல்லாம் கட்டாமலே கிடக்கலாம். கட்டக்கூடியதைக் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். அபராதத்தில் இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது சஸ்பென்ஷன். அதிவேகம், சிக்னல் தாண்டியது, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது, ஓட்டும்போது செல்போன், குடிபோதை ஆகிய ஆறுக்கும் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. போலீஸ் பறித்து அனுப்பிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. மேஜைக்குப் போனதும் உங்களுக்கு நோட்டீஸ் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே ஆணை போட வேண்டும். போனால் திட்டுவார்கள் என்று போகாமலே இருந்துவிடுகிறவர்கள் அந்த வாய்ப்பைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். போங்கள். நடந்ததை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணை பிடிக்கவில்லையென்றால், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆணையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முடிந்தால் மட்டும் லைசென்ஸ் திரும்பி வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் புத்தாக்கப் பயிற்சியை முடித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். வேலை கேட்கப் போகும்போது அதற்கு இன்னொரு பயன் இருக்கிறது.

இடைப்பட்ட மாதங்களில் வண்டி ஓட்டாதீர்கள். "பட்டறையிலேர்ந்து பங்க் வரைக்கும்தானே" என்பதும் ஓட்டுவதுதான். பிடிபட்டால் உங்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, சாவியைக் கொடுத்த ஓனருக்கு 5,000. வேறு மாநில விலாசத்தில் இன்னொரு லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற புரோக்கரையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான். பழைய தடையை மறைத்துப் புதிதாக வாங்குவதே தனிக் குற்றம். பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ், கிளீனர் வேலை என்று லாரித் தொழிலுக்குள்ளேயே ஏதாவது பிடியுங்கள். பத்து வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்குக் கிளீனர் சீட்டில் உட்காருவது கசக்கும். ஆனால் ஒரு ஓனர் உங்களை நாள்தோறும் பார்க்கிற இடம் அது.

விபத்து வழக்கு இருந்தால் கதை வேறு. லைசென்ஸ் நடப்பில் இருக்கிற வரை, வழக்கு நடக்கிறது என்பதற்காகவே வேலைக்குப் போகக் கூடாது என்றில்லை. ஆனால் வெறும் வாய்வார்த்தை எடுபடாது. எஃப்.ஐ.ஆர். நகல், விபத்துக்குப் பின் வண்டியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, விடுதலை ஆகியிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்றையும் வக்கீலிடம் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். ஆய்வாளர் அறிக்கையை டிரைவர்கள் பலர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பிரேக் எந்த நிலையில் இருந்தது, இயந்திரக் கோளாறு உண்டா என்பது அதில்தான் இருக்கும்.

ஃபைல் தயாரானதும் ஓனர் பக்கம் திரும்பலாம். அவர் பயப்படுவது உங்கள் குணத்துக்காக அல்ல, இன்சூரன்ஸுக்காக. செல்லாத லைசென்ஸ் வைத்திருந்தவர் ஓட்டி ஒரு உயிர் போனால், இன்சூரன்ஸ் கம்பெனி குடும்பத்துக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. ஒற்றை லாரியைக் கடனில் ஓட்டுகிறவருக்கு அத்தோடு தொழில் முடிந்தது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு: லைசென்ஸ் விஷயத்தில் ஓனர் நியாயமான கவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். செல்போனில் உங்கள் லைசென்ஸைப் பார்த்து அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது அவருக்கு ஒரு சாட்சி. சந்தேகப்படுகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். கேஸ், பெட்ரோல் டேங்கர் இப்போதைக்கு வேண்டாம். அபாயகரமான சரக்குக்கு மத்திய மோட்டார் வாகன விதி 9-இன்படி தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும், அங்கே சோதனையும் கடுமை. மறுகோடியில், எந்தக் கேள்வியும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. நடைக் கணக்கில் கூலி தரும் ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்கள் சில அப்படி. அதுதான் ஆபத்து. நடை கூடக் கூலி கூடும், பாரமும் கூடும், வேகமும் கூடும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் ஏறும். அபராதத்தை ஓனர் கட்டினாலும் சஸ்பென்ஷன் உங்கள் லைசென்ஸுக்குத்தான். இருக்கிற கறையைத் துடைக்க வந்தவர் இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டுக்கும் நடுவில், இரண்டு மூன்று வண்டி வைத்து, தானும் ஒரு வண்டியை ஓட்டுகிற ஓனரைத் தேடுங்கள். பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் எடுப்பவர் தாளைப் பார்த்து மறுத்துவிடுவார். இவர் தானே ஓட்டியவர், தோப்பூர் கணவாயில் எதற்காகக் கியரை இறக்குகிறோம் என்று தெரிந்தவர். நாமக்கல்லின் முட்டை லாரி, கோழித் தீவன வண்டி, திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டி ஆகியவற்றில் இப்படிப்பட்டவர்கள் அதிகம். ரிக் வேலையில் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்க வேண்டிவரும், அதற்கு வீட்டில் ஒத்துக்கொள்ள வேண்டும். குடித்து ஓட்டிய கேஸ் உள்ளவர்கள் சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்புகிற லோக்கல் வண்டியைக் கேட்பது உத்தமம். ஓனர் ஆளைக் கண்ணால் பார்க்க முடிகிற வேலை அது.

விஷயத்தை எப்போது சொல்வது? அவர் செல்போனை எடுப்பதற்கு முன். "அண்ணா, போன வருஷம் ஓவர்லோடுல மூணு மாசம் சஸ்பெண்டு ஆச்சுங்க. பயிற்சி முடிச்சு லைசென்ஸ் வாங்கிட்டேன். இதோ ஆர்டர், இதோ சர்ட்டிபிகேட்." இவ்வளவுதான். பழைய ஓனர்தான் ஏற்றச் சொன்னார், போலீஸ் காசு கேட்டது என்றெல்லாம் போகாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வான் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஜி.பி.எஸ். இருக்கிற வண்டியாக இருந்தால், வேகம் தாண்டினால் உடனே கேளுங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரி, ஒரு நடை பார்ப்போம் என்று ஓனர் பக்கத்தில் ஏறி உட்காருவார். அவர் கவனிப்பது நீங்கள் சாவி போடுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்க்கிறீர்களா, ஆயில், தண்ணீர் பார்க்கிறீர்களா, ஏர் ஏறும்வரை காத்திருக்கிறீர்களா? பெங்களூரு பக்கமிருந்து திரும்புகிற வண்டி என்றால் உண்மையான பரீட்சை தர்மபுரி தாண்டி, தோப்பூர் கணவாயில். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலத்தைப் பார்த்து இறங்கும் அந்தச் சரிவில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் எத்தனையோ வண்டிகளைக் கவிழ்த்திருக்கிறது. வெறும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, கால் அழுத்தியும் வண்டி நிற்காது. சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, ஏர் மீட்டரில் ஒரு கண் வைத்து, பின்னால் ஹாரன் அடிக்கிறவனைக் கண்டுகொள்ளாமல் இறங்குங்கள். லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்று அன்றைக்கு ஓனர் கேட்க மாட்டார். கேட்டால் அந்த வண்டி வேண்டாம்.

நிரந்தர வேலை உடனே கிடைக்காது. வழக்கமான டிரைவர் கல்யாணத்துக்கோ காய்ச்சலுக்கோ லீவு போடும்போது ஆக்டிங் டிரைவராகக் கூப்பிடுவார்கள். பேட்டா பேசிக்கொண்டு போங்கள், சாவி வாங்கும்போதே டயர், லைட், பேப்பர்களைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு முந்தைய ஆள் விட்டுப்போன குறை உங்கள் தலையில் விழாமல் இருக்க இது போதும். எந்தத் தேதியில் எந்த வண்டி என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பின்னால் ஒரு சலான் கிளம்பினால் அந்த நோட்டு பேசும்.

கடைசியாக ஒன்று, டிரைவர்களில் பலருக்குத் தெரியாதது. லைசென்ஸில் ஏறிய குற்றக் குறிப்பு ஆயுசுக்கும் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, அதற்குப் பிறகு தொடர்ந்து 3 ஆண்டு புதுக் குறிப்பு எதுவும் ஏறாவிட்டால், பழையதை ஒப்படைத்துக் குறிப்பில்லாத லைசென்ஸ் வாங்கிக்கொள்ள உரிமை உண்டு. வேக வரம்பை மீறியது மட்டுமே குற்றம் என்றால் ஓராண்டு போதும். நிறுத்திவைத்திருந்த மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது, ஆகவே ஆணை நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நாள் வந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அவர்களாகத் தேடி வந்து அழிக்க மாட்டார்கள்.