பயிற்றாசிரியரை அளக்கும் கோல்

அமெரிக்கக் கலாசாலைகளில் காற்பந்துப் பயிற்றாசிரியரை மதிப்பிடுவோர் மூன்று கோல்களைக் கையாளுகின்றனர். அவை ஆட்டக்காரரைத் திரட்டும் ஆற்றல், வெற்றிக் கணக்கு, ஊதியம் என்பன. இவற்றுள் எது நம்பத்தக்கதென்று சிறிது ஆராய்வோம்.

உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரருக்கு 5 வரை விண்மீன் இட்டுத் தரம் பிரிப்பது அந்நாட்டு வழக்கம். 2022-இல் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையில் ஜிம்போ பிஷர் திரட்டிய குழுவே முதன்மையானதென மதிக்கப்பெற்றது. ஆயினும் அவ்வாண்டு அவர் அணி 5 ஆட்டங்களில் வென்று 7-இல் தோற்றது. 2023-இல் அவர் விலக்கப்பட்டார். உடன்படிக்கைப்படி அவருக்குரிய தொகையோ 7½ கோடி டாலருக்கு மேற்பட்டது. எனவே ஊதியம் எதிர்பார்ப்பின் விலையேயன்றித் திறமையின் அளவன்று.

அங்ஙனமாயின் திரட்டல் வீணோ எனின், அன்று. அலபாமாவின் நிக் சேபன் சிறந்த இளைஞரை ஆண்டுதோறும் திரட்டினார். 2009 முதல் 2020 வரை 6 முறை தேசிய வாகையும் சூடினார். விதையும் உழவும் அங்கே ஒருங்கியைந்தன.

வெற்றிக் கணக்கையும் தனித்து நோக்கலாகாது. 2023-இல் 3 வெற்றியே கண்ட இண்டியானா அணி, கர்ட் சிக்னெட்டி பொறுப்பேற்ற 2024-இல் 11 வெற்றி கண்டது. பெற்றது யாது, ஆக்கியது யாது என்று ஒப்பிடுவதே நேர்மை.

இன்னும் ஒன்று உண்டு. விலக்கப்பட்ட ஆசிரியர் பெருந்தொகை பெறுவார். அவர் சொல்லை நம்பி வந்த மாணவன் பெறுவது யாது? அவன் அங்கே தேர்ச்சியுற்றானா என்பதே நாம் கொள்ளத்தக்க இறுதிக் கோலாம்.