வளரும் பிள்ளையும் நார்ச்சத்தும்

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவமனையில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பெற்ற லியோனார்டு தாம்ப்சன் 14 வயதுச் சிறுவன். அதுவரை அவனைப் போல் நீரிழிவு கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் விதிக்க முடிந்தது அரைப்பட்டினி ஒன்றே. இன்சுலின் வந்ததும் பட்டினி ஒழிந்தது. எதை உண்பது என்னும் கேள்வி மட்டும் இன்றுவரை ஒழியவில்லை.

பதின்பருவத்தில் அக்கேள்வி மேலும் சிக்கலாகிறது. தேகம் விரைந்து வளரும் அந்த வருஷங்களில் மிகுந்து சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் சக்தியை மட்டுப்படுத்துவதால், சென்ற வருஷம் போதுமாயிருந்த அதே அளவு ஊசி இவ்வருஷம் போதாமற்போகிறது. இதை அறியாமல், பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று கடிந்துகொள்வது அநியாயம்.

இங்கேதான் நார்ச்சத்து துணைக்கு வருகிறது. இரவில் ஊறவைத்த வெந்தயம் காலையில் வழவழப்பாக இருப்பதற்குக் காரணமான நாரே, வயிற்றிலும் அவ்விதமே கூழாகி, உணவு குடலுக்கு இறங்குவதையும் மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலப்பதையும் தாமதப்படுத்துகிறது. நம் கொத்தவரையின் விதைப் பிசினை உணவோடு கொடுத்தபோது நோயாளிகளின் சர்க்கரை குறைவாகவே ஏறியதை ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்டனர்.

1000 கலோரி ஆகாரத்திற்கு 14 கிராம் நார் என்பது பொதுவான கணக்கு. தவிடு நீங்கத் தீட்டிய அரிசிச் சோற்றில் அது சொற்பம். கொண்டைக்கடலைச் சுண்டல், அவரை, கீரை, தோலோடு தின்னும் கொய்யா ஆகியவற்றில் தாராளம். கேழ்வரகிலும் உண்டு, ஆயினும் அதை நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை வேகமாகவே ஏறும். நாரைச் சிறுகச் சிறுகக் கூட்டி, நிறையத் தண்ணீரும் குடித்தால் வயிற்று உப்புசம் அவ்வளவாகத் தோன்றாது.

ஆனால் நார் இன்சுலினுக்குப் பதிலாகாது. உணவு மாறும்போது ஊசியின் அளவை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும் வேளையில், நன்மை செய்துவந்த நாரே தடையாகிவிடும். அப்பொழுது சுண்டலோ முழுப் பழமோ உதவாது. சுமார் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கத் தர வேண்டும். ஆசிரியர்களே, அத்தகைய மாணவன் பாட வேளையிலும் சர்க்கரை உண்ண அனுமதி கேட்டுக் காத்திராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.