கணிப்பு இயந்திரத்துடையது; முடிவு யாருடையது?

கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது, வேலைக்கு ஆள் எடுப்பது, காப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பது, அடுத்த மாதத்துக்கு எவ்வளவு சரக்கு வாங்கி வைப்பது என்று தொழிலின் பல முடிவுகளுக்குள் இன்று செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. இதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வாடிக்கையாளரிடமும் அரசிடமும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். கணித்துச் சொல்வது இயந்திரம், முடிவெடுப்பது மனிதர்; இருவர் பலமும் சேர்வதால் முடிவு இன்னும் நன்றாக அமையும் என்பார்கள். இதில் முன்பாதி உண்மையாக இருந்தாலும் பின்பாதி தானாக நடந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மனிதரும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து வேலை செய்த 106 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்டார்கள். மனிதர், இயந்திரம் இரண்டில் தனியாகவே சிறப்பாகச் செய்யக்கூடியது எதுவோ, அதைவிடக் கூட்டணி சராசரியாகச் சற்று மோசமாகவே செய்திருந்தது. எழுதுவது, உருவாக்குவது போன்ற வேலைகளில் சேர்க்கைக்குப் பலன் இருந்தது. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலைகளில்தான் நஷ்டம். இன்னொன்றும் தெரிந்தது. இயந்திரத்தைவிட மனிதர் கெட்டிக்காரராக இருந்த இடங்களில் சேர்க்கை உதவியது. இயந்திரம் கெட்டிக்காரத்தனம் காட்டிய இடங்களில் மனிதர் குறுக்கே புகுந்து கெடுத்தார்.

இந்த விவகாரம் கணினி அலுவலகங்களுக்குள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழக உளவியலாளர் பால் மீல் 1954இல் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். மாணவர் படிப்பில் தேறுவாரா, பரோலில் விடப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா, நோயாளிக்குச் சிகிச்சை பலிக்குமா என்பவற்றை அனுபவசாலி நிபுணர் ஊகிப்பதற்கும் எளிய கணக்குச் சூத்திரம் ஊகிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அதில் பார்த்தார். சுமார் 20 ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூத்திரம் நிபுணருக்குச் சமமாக இருந்தது, அல்லது அவரை மிஞ்சியது. சூத்திரம் அபார அறிவுள்ளது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே விவரங்களைக் காலையில் கொடுத்தாலும் மாலையில் கொடுத்தாலும் அது ஒரே விடையைத்தான் சொல்லும். மனிதர் அப்படியில்லை, களைப்பு, பசி, முந்தைய விண்ணப்பதாரரின் முகம் எல்லாம் அடுத்த முடிவில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் மீல் சூத்திரத்தின் பக்கமே முழுதாகச் சாய்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் பிரபலமான ஓர் உதாரணத்தையும் அவரே தந்தார். பேராசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் சினிமாவுக்குப் போகிறவர். இந்த வாரமும் போவார் என்று சூத்திரம் சொல்கிறது. ஆனால் நேற்று அவருக்குக் கால் முறிந்துவிட்டது. அந்தச் செய்தி சூத்திரத்தில் இல்லை. தெரிந்தவர் சூத்திரத்தை ஒதுக்கி வைப்பதுதான் சரி. தொழிலில் மனிதத் தீர்ப்புக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. இயந்திரத்துக்கு எட்டாத உண்மையான தகவல் ஒன்று கையில் இருக்கும்போது மனிதர் தலையிட வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், மனசுக்குப் படுகிறது என்பதற்காகத் தலையிட்டால் அது சத்தம்தான். சிக்கல் என்னவென்றால், அனுபவசாலிகளின் கண்ணுக்குப் பார்க்கும் இடமெல்லாம் முறிந்த கால்களாகவே தெரியும்.

வியாபாரத்தில் இதை முதலில் அழகாக அளந்து காட்டியவர்கள் ராபர்ட் பிளாட்பெர்க்கும் ஸ்டீபன் ஹோக்கும். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, அஞ்சல் வழி ஆடை விற்பனையையும் தள்ளுபடிக் கூப்பன்கள் எத்தனை திரும்பி வரும் என்பதையும் எடுத்துக்கொண்டது. மேலாளரின் ஊகம் ஒரு பக்கம், பழைய விற்பனைத் தரவிலிருந்து செய்த கணக்கு மாடல் மறுபக்கம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சராசரி இரண்டையும் வென்றது. மாடலுக்கு அலுப்புத் தெரியாது, முதலாளியின் மனம் குளிர எண்ணை உயர்த்தவும் தெரியாது. மேலாளருக்கோ இந்த ஆண்டு எந்த நிறம் எடுபடுகிறது, போட்டியாளர் என்ன செய்யப்போகிறார் என்பது காதில் விழுந்திருக்கும். இருவரும் தவறுவது வெவ்வேறு இடங்களில் என்பதால் தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இந்தக் கழித்தல் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஊகங்களும் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு, உங்கள் கருத்து என்ன என்று மேலாளரைக் கேட்டால், அந்த எண்ணைச் சுற்றியேதான் அவர் மனம் ஓடும். அது இரண்டாவது கருத்தே இல்லை.

நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான். மாதம் பிறந்தால் மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் விற்பனைக் கணிப்பை எடுத்துத் தரும். திட்டமிடும் பிரிவில் இருப்பவர் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே பத்தைக் கூட்டி, அங்கே ஐந்தைக் குறைத்துத் திருத்துவார். ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரிட்டனில் 4 நிறுவனங்களின் இப்படிப்பட்ட 60,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை உண்மையான விற்பனையோடு ஒப்பிட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய திருத்தங்கள் கணிப்பை மேம்படுத்தின. சின்னச் சின்னத் திருத்தங்கள் பல நேரம் கெடுத்தன. எண்ணைக் குறைத்த திருத்தங்களைவிட உயர்த்திய திருத்தங்கள் மோசம். தப்பான திசையில் போனவையும் அவற்றில்தான் அதிகம்.

பெரிதாகத் திருத்துகிறவரிடம் காரணம் இருக்கும். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திவிட்டார், அறிவித்த தள்ளுபடி ரத்தாகிவிட்டது என்பது போன்ற திட்டவட்டமான செய்தி அது. கால் முறிந்ததற்குச் சமம். அந்தச் செய்திகளில் பல கெட்ட செய்திகள் என்பதால் குறைப்புத் திருத்தங்கள் பலித்ததில் வியப்பில்லை. சின்னத் திருத்தங்களின் பின்னால் பெரும்பாலும் செய்தி எதுவுமில்லை. மென்பொருள் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் தனக்கு இங்கே என்ன வேலை என்ற உறுத்தல்தான் இருக்கிறது. உயர்த்துவதற்கோ காரணம் தேடவே வேண்டாம். விற்பனைப் பிரிவின் ஆசை போதும். இதற்கு மருந்து விலை உயர்ந்ததல்ல. திருத்துகிறவர் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். மாத முடிவில் அவர் கைவைத்ததால் கணிப்பு நேரானதா கோணலானதா என்று பார்க்க வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதித் திருத்தங்கள் தாமாக நின்றுவிடும்.

மனிதரை ஒதுக்கி வைத்ததால் வந்த வினைக்கு ஸில்லோ நிறுவனத்தின் கதை பாடமாக இருக்கிறது. அமெரிக்காவில் எந்த வீட்டுக்கும் உத்தேச விலை சொல்லும் இணையதளமாக 2006இல் வந்தது ஸில்லோ. வெறும் மதிப்பீடு என்றவரை தவறினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. 2018இல் அது சொந்தப் பணத்தில் வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, விற்கும் தொழிலில் இறங்கியது. வேகமாக வளர வேண்டும் என்ற நெருக்கடி 2021இல் வந்தபோது, அல்காரிதம் சொன்ன விலையைக் கேள்வி கேட்டுத் திருத்தும் உரிமை ஊழியர்களிடமிருந்து குறைக்கப்பட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை 9,680 வீடுகள் வாங்கப்பட்டன, விற்றவை 3,032. நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்த நிறுவனம், கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுதியது. ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை போயிற்று.

அல்காரிதம் சராசரியாக நன்றாகவே கணித்திருக்கலாம். அது மட்டும் போதாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. விற்கிறவருக்குத் தன் வீட்டின் குறை தெரியும். ஈரம் ஊறும் சுவர், இரவெல்லாம் இரையும் பக்கத்துச் சாலை இதெல்லாம் தரவில் இருக்காது. இயந்திரம் விலையைக் குறைத்துச் சொன்னால் அவர் மறுத்துவிடுவார்; கூட்டிச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடுவார். ஆக, தவறு இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலும், நிறுவனத்தின் கைக்கு வந்து சேருவது கூடுதல் விலை கொடுத்த வீடுகள்தான். வீட்டுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவரின் சந்தேகத்துக்கு மதிப்பு இருப்பது இத்தகைய இடத்தில்.

எழுதித் தரும், பேசும் மாடல்கள் வந்தபிறகு சிக்கல் வேறு உருவம் எடுத்திருக்கிறது. பழைய கணிப்பு மென்பொருள் வெறும் எண்ணைத் தந்தது. எண்ணைச் சந்தேகிப்பது சுலபம். இன்றைய மாடல் காரண காரியத்தோடு, வழுக்கிக்கொண்டு போகும் நடையில் பதில் தருகிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து 2023இல் நடத்திய சோதனையில், ஜிபிடி-4 வைத்திருந்தவர்கள் பல வேலைகளை 25 சதவீதம் வேகமாகவும் கணிசமாகக் கூடிய தரத்திலும் முடித்தார்கள். ஆனால் இயந்திரம் தடுக்கி விழும்படி வேண்டுமென்றே அமைத்த ஒரு வேலையில், அதை நம்பியவர்கள் சரியான விடை சொன்ன விகிதம் மற்றவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எளிதாகத் தோன்றும் வேலையில் அது தவறும், கடினமானதை அனாயாசமாகச் செய்யும். எது எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் சேவையில் இன்னொரு கோணம் தெரிகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை ஊழியர்களைப் பற்றி எரிக் பிரின்யோல்ஃப்சன் குழுவினர் செய்த ஆய்வில், பதில்களைப் பரிந்துரைக்கும் மென்பொருள் வந்தபின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம்; பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த மென்பொருள் நல்ல ஊழியர்களின் பழைய உரையாடல்களிலிருந்து கற்றது. அதாவது மூத்தவரின் கைப்பக்குவம் இளையவருக்கு இயந்திரம் வழியாகப் போய்ச் சேருகிறது. மூத்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த பாடம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்னும் யாரும் விடை வைத்திருப்பதாகத் தெரியவில்லை. சுவீடனின் கிளார்னா நிறுவனம், தன் சாட்பாட் 700 பேர் வேலையைச் செய்கிறது என்று 2024இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே சேவையின் தரத்துக்காக மீண்டும் மனிதர்களை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது.

மேற்பார்வைக்கு உட்கார வைத்த மனிதர் விழிப்பாக இருப்பாரா என்பது தனிப் பிரச்சினை. லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார். சுலபமான வேலையை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மனிதருக்கு மிஞ்சுவது கடினமான, எப்போதாவது வரும் வேலை மட்டும். அதைச் செய்யத் தேவையான பழக்கமோ அதற்குள் விட்டுப்போயிருக்கும். இயந்திரம் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்வதைப் பார்த்தவர் நூறாவதைப் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்துவது சோம்பலால் மட்டுமல்ல. ஒரு கோப்புக்குச் சில விநாடிதான் ஒதுக்கியிருப்பார்கள். மறுத்தால் விளக்கம் எழுத வேண்டும், ஒப்புக்கொண்டால் எதுவும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. இயந்திரம் ஒருமுறை தவறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள், அதைவிட அதிகம் தவறும் மனிதரிடம் திரும்பிப் போய்விடுவதை பெர்க்லி டீட்வோர்ஸ்ட் குழுவினர் 2015இல் காட்டினார்கள். விடையில் லேசாகக் கைவைக்க அனுமதி கொடுத்தால் மக்கள் இயந்திரத்தை ஏற்கிறார்கள் என்பது அவர்களுடைய அடுத்த ஆய்வு. சின்னத் திருத்தம் கணிப்பைக் கெடுக்கும் என்று மேலே கண்டோம். அதே சின்னத் திருத்தம்தான் மனிதர் அந்தக் கணிப்பைத் தூக்கி எறியாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலையும்கூட. திருத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது பல நேரம் போதுமான சமரசம்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டத்துக்கு இவ்வளவு குழப்பமில்லை. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொன்னது. விமான நிறுவனம் சலுகையை மறுத்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்ற ரீதியில் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, பயணிக்குப் பணம் கொடுக்க உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆபத்து அதிகமுள்ள பயன்பாடுகளை மனிதர் மேற்பார்க்க வேண்டும் என்கிறது. மேற்பார்ப்பவர் இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பிவிடும் போக்கை உணர்ந்திருக்க வேண்டும், அதன் முடிவை ஒதுக்கவோ மாற்றவோ அவருக்கு வழி இருக்க வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது.

வேலையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரே சூத்திரம் இல்லை. அடிக்கடி நடக்கும், விளைவு சீக்கிரம் தெரியும், ஒன்று தவறினாலும் தாங்கக்கூடிய வேலைகள் இயந்திரத்துக்கு ஏற்றவை. களவு போன அட்டையில் நடக்கும் பரிவர்த்தனையைப் பிடிப்பது அப்படிப்பட்டது. சந்தைக்கே புதிதான பொருளுக்குப் பழைய தரவு இல்லை. 2020 மார்ச்சில் உலகம் கதவடைத்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் படித்திருந்த கணிப்பு மாடல்கள் திணறின. அங்கே மனிதர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

பிரித்த எல்லை நிலையாக இருப்பதுமில்லை. ஐபிஎம்மின் டீப் புளூ கணினியிடம் 1997இல் தோற்ற கேரி காஸ்பரோவ், அடுத்த ஆண்டு ஸ்பெயினில் மனிதரும் கணினியும் ஒரே அணியாக ஆடும் சதுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 2005இல் இணையத்தில் நடந்த அப்படி ஒரு போட்டியில், சாதாரணக் கணினிகளைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திய 2 அமெச்சூர் ஆட்டக்காரர்கள் கிராண்ட்மாஸ்டர் அணிகளைத் தாண்டி வென்றார்கள். இன்றைய சதுரங்க மென்பொருளுக்குப் பக்கத்தில் மனிதர் உட்கார்ந்து சேர்க்கக்கூடியது அநேகமாக எதுவுமில்லை. சதுரங்கத்தின் விதிகள் மாறுவதில்லை, சந்தையின் விதிகள் மாறும். அதனால் வியாபாரத்தில் இதே வேகத்தில் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே நடந்துவிட்டது, எங்கே நடக்கவில்லை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அதற்கு இயந்திரம் முதலில் சொன்ன எண், மனிதர் திருத்திய எண், கடைசியில் நடந்தது ஆகிய மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். திருத்திய எண்ணைப் பழைய எண்ணின் மேலேயே எழுதி வைக்கும் மென்பொருளில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.