ஆடுபுலியும் கணினி மாயப்போரும்



விளையாட்டுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். உடலால் ஆடுவது ஒன்று. உள்ளத்தால் ஆடுவது மற்றொன்று. உள்ளத்தால் ஆடுபவற்றுள், ஒருவர் காயை நகர்த்த, மற்றவர் காத்திருந்து தம் முறை வந்ததும் நகர்த்தும் ஆட்டங்களுக்குத் தனிச்சுவை ஒன்று உண்டு. பசியையும் பொழுதையும் மறக்கச் செய்யும் அச்சுவை எங்கிருந்து பிறக்கின்றது? அதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டுத் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தளங்களிலும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். கோடுகள் கூடும் இடங்கள் இருபத்து மூன்று. ஒருவர் பக்கம் மூன்று புலிகள். மற்றவர் பக்கம் பதினைந்து ஆடுகள். புலி, தன் அருகில் நிற்கும் ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலியிடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆடுகளுக்கோ வெட்டும் உரிமை இல்லை. பதினைந்தையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை அவை நகரவும் இயலாது. ஆனால் மூன்று புலிகளும் அசைய இடமின்றி வளைக்கப்பட்டால் வெற்றி ஆடுகளுக்கே!

இவ்வாட்டத்தின் முதற்கவர்ச்சி இதில்தான் இருக்கிறது. இரு தரப்பும் சமமல்ல. ஆயினும் ஆட்டம் நேர்மையானது. புலிக்கு வலிமை உண்டு. ஆட்டுக்குத் துணை உண்டு. தனித்து நிற்கும் ஆடு இரையாகும். தன் பின்னிடத்தில் மற்றோர் ஆடு நிற்குமாயின் அதனைத் தாண்டப் புலிக்கு இடமில்லை. ஆகவே, தேர்ந்த ஆட்டக்காரர் தொடக்கத்தில் ஓரங்களில் ஆடுகளை நிறுத்தி, பின்னர்ச் சிறிது சிறிதாக உள்ளே நெருக்குவார். ஒற்றுமையே வலிமை என்னும் அறவுரையை எவரும் சொல்லாமலே அந்தக் கோடுகள் சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது கவர்ச்சி பொறுப்பு. சோழி உருட்டி ஆடும் தாயத்தில் தோற்றவன் சோழியைப் பழிக்கலாம். ஆடுபுலியில் பழி சுமத்த எவருமில்லை. காய்கள் யாவும் கண்முன் கிடக்கின்றன; எண்ணுவதற்குக் காலமும் கிடைக்கிறது. தோல்வி நம்முடையது, வெற்றியும் நம்முடையதே.

இனி, கணினிக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' என்னும் ஆட்டம். 1999-இல் வெளியான அதன் மூன்றாம் பகுதியை இன்றும் உலகெங்கும் பலர் ஆடுகின்றனர். மாயமந்திரம், பறக்கும் நாகங்கள், கோட்டைகள் என அம்புலிக் கதைபோல் விரியும் உலகம் அது. ஆனால் அதன் உள்ளே இருப்பது நம் திண்ணை ஆட்டத்தின் உயிரேயாகும். ஒரு முறை என்பது ஒரு நாள். அந்நாளில் படைத்தலைவன் செல்லத்தக்க தொலைவுக்கு எல்லை உண்டு. ஒரு நகரில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடமே எழுப்பலாம். புதிய வாரம் பிறக்கும்போது புதிய படைகள் தோன்றும். கையிலுள்ள பொன்னைக் கோட்டைக்குச் செலவிடுவதா, படைக்குச் செலவிடுவதா? இன்று போரிடுவதா, வாரம் பிறக்கும்வரை பொறுப்பதா? ஒவ்வொரு முறையும் இக்கேள்விகள் எழுகின்றன. ஒரே கணினியின் முன் நண்பர்கள் மாறி மாறி அமர்ந்தும் அதனை ஆடலாம். திண்ணை மறையவில்லை, உருமாறியிருக்கிறது.

திண்ணையில் இல்லாத ஒன்றும் அங்கே உண்டு. நிலப்படம் தொடக்கத்தில் இருண்டு கிடக்கும். சென்று கண்ட இடம் மட்டுமே துலங்கும். காணாததைக் கருதி முடிவு செய்யவேண்டும். இக்கலையைக் கொற்கைக் கரையினர் வாழ்க்கையிலேயே பயின்றவர்கள். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது கொற்கை. அதன் முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினர். 'பெரிப்ளூஸ்' என்னும் பழைய கிரேக்க நூலும் குறித்தது. ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் விலகியது. வாணிகம் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. எனினும் முத்துக்குளிப்பு தொடர்ந்தது.

முத்துப் பார்கள் கடலடியில் மறைந்து கிடப்பவை. சிப்பி முதிரச் சில ஆண்டுகள் ஆகும். முந்தி எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பி மாண்டுபோகும். ஆதலின், மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை மதிப்பிட்ட பின்னரே அந்த ஆண்டு குளிப்பு நடத்துவதா, விடுவதா என்று அரசினர் முடிவு செய்தனர். காத்திருப்பதும் ஒரு நகர்வே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும் ஆட்டத்துக்கும் வாழ்வுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வெட்டுப்பட்ட ஆட்டை மறு ஆட்டத்தில் மீண்டும் வைக்கலாம். கணினியிலும் தொடக்கத்திலிருந்து ஆடலாம். வறண்ட முத்துப் பார் நம் விருப்பத்திற்கு மீள்வதில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடியின் இறுதிக் குளிப்பாயிற்று. 1973-இல் அதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் சிப்பியில் முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டனர். ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழியை எண்ணிக் கண்டனர்.

நண்பர்களே, ஆடுங்கள், திண்ணையிலும் ஆடுங்கள், கணினியிலும் ஆடுங்கள். ஆனால் அடிக்கடி ஆடுகளின் பக்கம் அமர்ந்து ஆடுங்கள். வலியவனாய் வெல்வது எளிது; எளியவரை ஒன்று கூட்டி, பொறுத்திருந்து வெல்வதே அறிவு. தோற்றாலும் இழப்பின்றி அப்பாடத்தைக் கற்கும் வாய்ப்பை விளையாட்டு நமக்குத் தருகின்றது. மீட்க இயலாதவற்றைக் கையாளும் நாள் வரும்போது, அந்தப் பயிற்சி நமக்குத் துணை நிற்கும்.