பாபநாசத்துக்காரர் ஊரையே ஏமாற்றியது எப்படி? தெரியுமா?

கமல்ஹாசன் நடித்த ‘பாபநாசம்’ பார்த்திருப்பீர்கள். அதில் எத்தனை பேர் முன்பின் தெரியாத ஆளை நம்பி ஏமாறுகிறார்கள் தெரியுமா? கமல் ஏற்ற சுயம்புலிங்கம் பாத்திரத்தின் மகள் செல்வி மட்டும்தான் என்று நினைத்தால், நீங்களும் ஏமாந்த பட்டியலில் சேர்ந்துவிட்டீர்கள்!

பள்ளி மாணவர்களின் இயற்கை முகாம். கூடவே இருக்கும் ஒரு பையன். யார் சந்தேகப்படுவார்கள்? அவன் செல்வியை ரகசியமாக வீடியோ எடுக்கிறான், வீடு தேடி வந்து மிரட்டுகிறான், அங்கேயே செத்தும் போகிறான். அவன் அம்மா யார்? போலீஸ் ஐ.ஜி! (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது!)

இனிமேல்தான் வேடிக்கையே! கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம், சம்பவமெல்லாம் முடிந்த பிறகு குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறார். பஸ் கண்டக்டர், ஓட்டல்காரர், தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் என்று ஆளாளுக்கு முகம் பதிய வைக்கிறார். பிறகு அதே ஆட்களை மறுபடியும் சந்தித்து, பேச்சுவாக்கில், தாங்கள் வந்து போனதாக ஒரு முந்தைய தேதியைச் செருகுகிறார். அவ்வளவுதான்! போலீஸ் வந்து கேட்டால், அத்தனை பேரும் அந்தப் பொய்த் தேதியைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கும் லஞ்சம் இல்லை, ஒருவருக்கும் மிரட்டல் இல்லை! எல்லாருமே உண்மை சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள்! அந்தப் பையனின் ஏமாற்றுக்குப் பதறிய நாம், சுயம்புலிங்கத்தின் ஏமாற்றுக்குக் கைதட்டினோமே, கவனித்தீர்களா?

‘சினிமாவில்தான் இப்படியெல்லாம் நடக்கும்’ என்கிறீர்களா? 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ‘கார்கள் தொட்டுக்கொண்டபோது என்ன வேகம்?’ என்று கேட்டால் சராசரி பதில் 31.8 மைல். ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்று கேட்டால் 40 மைலுக்கும் மேல்! காட்சி அதே காட்சி! மாறியது ஒரே ஒரு சொல்!

இன்னும் கேளுங்கள்! வேறொரு 150 பேருக்கு விபத்துக் காட்சி காட்டி, ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்றார்கள். ‘நொறுங்க மோதியது’ என்று காதில் வாங்கிய 50 பேரில் 16 பேர் ‘பார்த்தோம்’ என்றார்கள். வெறும் ‘மோதியது’ என்று கேட்ட 50 பேரில் 7 பேர். காட்சியில் எத்தனை கண்ணாடி உடைந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை!

1995-ல் லாஃப்டஸ் இன்னொரு வேலை செய்தார். ‘சின்ன வயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்து போனீர்கள்’ என்ற கட்டுக்கதையை, வீட்டார் சொன்னதாகவே 24 பேரிடம் சொன்னார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, நடக்காத அந்தச் சம்பவம் முழுசாகவோ அரைகுறையாகவோ ‘ஞாபகம்’ வந்துவிட்டது! அந்நியரை நம்பினால்தான் ஆபத்தா என்ன!

சரி, மறுபடி படத்துக்கு வருவோம்! தமிழ்நாட்டில் பாபநாசம் எத்தனை? இரண்டு! இசைமேதை பாபநாசம் சிவனின் பெயரில் உள்ள ஊர் தஞ்சைப் பக்கம். சினிமாவின் பாபநாசமோ பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில்!

கமல் பிறந்தது பரமக்குடி. ஆனால் படத்தில் பேசுவது அச்சு அசல் நெல்லைத் தமிழ்! வசனம் எழுதிய ஜெயமோகன் நாகர்கோவில் பக்கம். பேச்சு வழக்குக்குக் கைகொடுத்தவர் எழுத்தாளர் சுகா. அவர் யார் மகன்? நெல்லை கண்ணன் மகன்! பிறகு கேட்கவா வேண்டும்!

சின்ன மகளாக வரும் எஸ்தர் அனில் அதே வேடத்தை மலையாளம், தெலுங்கு, தமிழ் என மூன்று மொழிகளில் செய்தவர்! ஐ.ஜி.யாக மிரட்டும் ஆஷா சரத்துக்கும் மூன்று: மலையாளம், கன்னடம், தமிழ்! கமலும் கௌதமியும் இதில் மறுபடி ஜோடி சேர்ந்தது ‘குருதிப்புனல்’ வந்து 20 வருடம் கழித்து!

மூலக்கதை, ஜீத்து ஜோசப்பின் மலையாள ‘த்ரிஷ்யம்’. 2013 டிசம்பரில் வந்தது. தமிழ்ப் படமும் அவர் இயக்கியதே. 2015 ஜூலை 3-ல் தமிழ், அதே ஜூலை 31-ல் இந்தி! ஒரே கதை, ஒரே மாதம், இரண்டு மொழி! 2017-ல் இலங்கையில் சிங்களத்திலும் ‘தர்மயுத்தய’ என்று வந்தது. இயக்கியவர் யார் தெரியுமா? நம்ம ஊர் செய்யாறு ரவி!

2019-ல் சீனாவுக்கே போய்விட்டது கதை! வசூல் 100 கோடி யுவானைத் தாண்டியது! ஆனால் கதை நடப்பது சீனாவில் இல்லை, தாய்லாந்தில்! பொய்ச் சாட்சிக்காகக் குடும்பம் போவது குத்துச்சண்டை பார்க்க! இவ்வளவு திட்டம் போட்டு எல்லாரையும் நம்பவைத்த அந்தச் சீன அப்பா, கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? தானே போய்ப் போலீஸில் சரணடைந்துவிடுகிறார்!